பதினோரு மூட்டைக் காப்பி

கியாசிம்பா,
19 பிப்ரவரி 2017, ஞாயிறு

பெலிசித்தாவின் அப்பாவுக்கு,

வணக்கம். அங்கே நீங்கள் படும் பாட்டுக்கும் வணக்கம். இங்கே நானும் பெலிசித்தாவும் நலம். அவள் மசாகா நகரத்துப் பள்ளி விடுதிக்குத் திரும்பிவிட்டாள். புதுக் காலணி கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன். ஷார்ஜாவில் குளிர் இருப்பதாகப் போன மாதம் போனில் சொன்னீர்கள். பாலைவனத்தில் குளிர் என்றால் இங்கே யாரும் நம்பவில்லை.

இதை ஏன் கடிதத்தில் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் கத்துவீர்கள், பாதியில் காசு தீர்ந்துவிடும். விடுப்பு முடிந்து திரும்பும் உங்கள் கம்பெனிக்காரர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்து முடித்த பிறகு கத்துங்கள்.

மேல் தோட்டத்துக் காப்பி மரங்களை வெட்டிவிட்டேன். இருநூற்றுப் பத்து மரம். வேரோடு பிடுங்கவில்லை, முழங்கால் உயரத்துக்கு அறுத்துவிட்டேன். மழைத்தண்ணீர் தங்காமல் வழியும்படி வெட்டுவாயைச் சரிவாக விட்டிருக்கிறேன். கட்டை பட்டுப்போகாமல் மூச்சுவிடட்டும் என்று ஒவ்வொரு மரத்திலும் ஒரு தண்டை மட்டும் வெட்டாமல் நிறுத்தியிருக்கிறேன்.

அவை உங்கள் அப்பா நட்ட மரங்கள் என்பது எனக்குத் தெரியும். வாடல் நோய் வந்து ஊர்த் தோட்டமெல்லாம் கருகிய வருடத்திலும் பிழைத்தவை. அதனால்தான் பிடுங்கி எறிய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவை வீட்டுக் கூரைக்கு மேலே போய்விட்டன. உச்சியில் மட்டும் நாலு பழம், தண்டெல்லாம் துளைப்புழு. போன பருவத்தில் மூங்கில் ஏணி போட்டு ஏறி, ஒரு கூடை நிறைய ஒரு பகல் ஆயிற்று. கூட்டுறவுச் சங்கத்தில் நந்தாலே என்று ஒரு பெண் இருக்கிறாள். காப்பியைச் சுவைத்துத் தரம் சொல்வது அவள் வேலை. அவள் நம் ஊருக்கு வந்து பெண்கள் எங்கள் ஆறு பேரை உட்காரவைத்துப் பேசினாள். “நம்ம ரொபஸ்டா வகைக் காப்பின்னா வெறும் கசப்பு, மத்த காப்பியில கலக்கத்தான் லாயக்குன்னு வெளியூர்ல நெனைக்கிறாங்க. பச்சையும் சிவப்பும் ஒண்ணா உருவி மண்ணுல காயப்போட்டா வேற எப்படி இருக்கும்? மரத்த ஏங்க குறை சொல்றீங்க?” என்றாள். மரத்தைப் புதுப்பித்து, நன்றாகச் செய்தால் தனியாகப் பெயர் போட்டு வாங்க ஆள் இருக்கிறதாம். எனக்கு அது சரியென்று பட்டது. மறுவாரம் சங்கத்தில் ரம்பம் இரவல் வாங்கிவந்தேன்.

முப்பது மரம் அறுத்திருப்பேன், உங்கள் தம்பி செவெரினோ ஓடிவந்தார். நான் மண்டியிட்டு வணக்கம் சொன்னேன். அவர் பதில் வணக்கம் சொல்லவில்லை. “அண்ணி, உங்களுக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு? அப்பா நட்ட மரம்! காப்பி மரத்த வெட்டுறவ குடும்பத்தையே வெட்டுவா!” என்று சாலைவரை கேட்கும்படி கத்தினார். அவர் ரம்பத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார், மறுமுனையை நான் விடவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். பிறகு அவரே விட்டுவிட்டு, குலத்துப் பெரியவர் கபூயேயை அழைத்துவரப் போனார். அவர்கள் வந்து சேர்வதற்குள் இன்னும் நாற்பது மரம் அறுத்துவிட்டேன்.

நம் முற்றத்தில் ஒன்பது ஆண்கள் உட்கார்ந்து பேசினார்கள். வாழைக்காய் மசித்து, வேர்க்கடலைக் குழம்பு வைத்துப் போட்டேன், நன்றாகச் சாப்பிட்டார்கள். நிலம் ஆணுடையது, அவன் இல்லாதபோது மரத்தில் கை வைக்கலாமா என்பது பேச்சு. கடைசியில் கபூயே, “வெட்டுனது வெட்டுனதுதான். இனி ஒட்டவா முடியும்? இவ புருசன் கஸ்பாரி என்ன சொல்றானோ அதுதான் முடிவு” என்று எழுந்துவிட்டார். பாதி வெட்டிய தோட்டத்தை அப்படியே விட்டால் நிழல் விழுந்து துளிர் வராது என்று மிச்சத்தையும் அந்த வாரமே முடித்துவிட்டேன்.

மேல் தோட்டத்தில் இரண்டு வருடத்துக்கு விளைச்சல் இருக்காது. கட்டைகளுக்கு நடுவே அவரை ஊன்றப்போகிறேன், சாப்பாட்டுக்குக் குறையில்லை. உங்கள் சம்மதத்தை எதிர்பார்க்கிறேன். சாலையைக் கடக்கும்போது இருபுறமும் பாருங்கள்.

ஆண்டவர் உங்களைக் காக்கட்டும்.

உங்கள் மனைவி,
மத்தில்டா


கியாசிம்பா,
3 டிசம்பர் 2017, ஞாயிறு

பெலிசித்தாவின் அப்பாவுக்கு,

வணக்கம். அனுப்பிய பணம் கிடைத்தது, பள்ளிக்குக் கட்டிவிட்டேன். நடுவில் எனக்குப் பத்து நாள் மலேரியா. இப்போது சரியாகிவிட்டது.

நீங்கள் எனக்குப் பதில் எழுதவில்லை. செவெரினோவிடம் போனில் பேசியதாக அவரே வந்து சொன்னார். “அவகிட்ட இருக்குற அருவாளப் புடுங்கு” என்று சொன்னீர்களாம். அது அருவாள் இல்லை, ரம்பம். அதைச் சங்கத்தில் திருப்பிக் கொடுத்து ஏழு மாதமாகிறது.

உங்கள் சொல்படி கீழ்த் தோட்டத்தை அவர் பொறுப்பில் விட்டுவிட்டேன். அவர் அதன் விளைச்சலைப் பூவாக இருக்கும்போதே ஒரு வியாபாரிக்கு விற்றுவிட்டார். பருவத்தில் வியாபாரியின் ஆட்கள் வந்து, பழமும் காயும் இலையுமாக ஒரே உருவாக உருவிக்கொண்டு போனார்கள். கிளைகள் முறிந்து தொங்கின. அதை நான் சொன்னால் பொறாமை என்பார்கள் என்று பேசாமல் இருந்தேன். முறிந்த கிளைகளை விறகுக்கு எடுத்துக்கொள்ளும்படி செவெரினோ சொன்னார், எடுத்துக்கொண்டேன்.

மேல் தோட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். ஏப்ரல் மழையில் கட்டையெல்லாம் துளிர்த்துவிட்டது. ஒரு கட்டையில் பத்து, பன்னிரண்டு துளிர் வந்தது. அதில் மூன்றை வைத்துக்கொண்டு மீதியை ஒடித்துப்போட வேண்டும். நல்ல துளிரை ஒடிப்பது வெட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. எதை வைப்பது என்று ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் நின்றேன். ஒன்றையொன்று மறைக்காதவையாகப் பார்த்து வைத்திருக்கிறேன். பதினேழு கட்டை துளிர்க்கவில்லை. அந்த இடத்தில் நோய் தாங்கும் கன்று வாங்கி நட்டேன். இப்போது துளிரெல்லாம் என் இடுப்பு உயரம் இருக்கிறது.

ஜூலை, ஆகஸ்டில் மழையே இல்லை. கன்றுகளுக்குச் சதுப்பிலிருந்து தண்ணீர் சுமந்தேன். வழியில் போகிறவர்கள், “பாருடா, கட்டைக்குத் தண்ணி ஊத்துறா! புருசன் வந்து மேசை நாற்காலி செய்வான்!” என்று சிரிப்பார்கள். அடுத்த வீட்டு கெத்ருதா அவர்களுக்குப் பதில் சொல்லிவிடுவாள். நான் இங்கே எழுத முடியாத பதில்கள். அவளும் தன் தோட்டத்தை வெட்டிவிட்டாள். அவளுக்குப் புருசன் இல்லாததால் கூட்டம் எதுவும் கூடவில்லை.

போன வாரம் பேசியபோது, ஜூனில் ஒப்பந்தம் முடிந்தாலும் இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கப்போவதாகச் சொன்னீர்கள். நல்லது என்றேன். அதற்குமேல் சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது. சொல்ல வந்தது பெரிதாக ஒன்றுமில்லை.

பெலிசித்தா வகுப்பில் மூன்றாவதாக வந்திருக்கிறாள். கிறிஸ்து பிறப்புக்கு அவளிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். பிற்பகல் மூன்று மணிக்குமேல் அவள் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மத்தில்டா


கியாசிம்பா,
28 ஜூலை 2019, ஞாயிறு

பெலிசித்தாவின் அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் உழைப்புக்கும் வணக்கம். இந்தக் கடிதம் சீக்கிரம் வந்து சேரும். அதற்கான காரணத்தைப் பின்னால் எழுதுகிறேன். முதலில் காப்பியைப் பற்றி எழுதுகிறேன், அதுதான் முதலில் நடந்தது.

மேல் தோட்டம் காய்த்தது. நான் தரையில் நின்றபடி எட்டிப் பறிக்கும் உயரம். கொத்துக்கொத்தாகச் சிவந்திருந்தது. ஒரே கிளையில் இன்றைக்குப் பழுத்தது இருக்கும், அடுத்த வாரம் பழுப்பது இருக்கும். ஐந்து முறை போய்ச் சிவப்பை மட்டும் பறித்தோம். தொட்டித் தண்ணீரில் கொட்டி, மிதக்கிற பதரை அள்ளி எறிந்தோம். இடுப்பு உயரத்தில் கழி நட்டுக் கம்பிவலை விரித்துப் பரண் கட்டியிருக்கிறோம், காப்பி மண்ணையே தொடாது. ஒரு நாளில் நாலைந்து தடவை கையால் கிளறிவிட வேண்டும், மழை இருட்டினால் ஓடிப்போய் மூட வேண்டும். மூன்று வாரம் கழித்து ஒரு பழத்தைக் காதருகே குலுக்கினால் உள்ளே கொட்டை சத்தம் போடும். அப்போதுதான் மூட்டையில் கட்டுவோம்.

நாங்கள் ஆறு பெண்கள், ஆறு தோட்டம். எல்லாம் சேர்த்துப் பதினோரு மூட்டை வந்தது. ஒன்றாகவே அனுப்புவது என்று பேச்சு. சுவைச் சோதனையில் எங்கள் காப்பி நூற்றுக்கு எண்பது மதிப்பெண்ணுக்குமேல் வாங்கினால், இத்தாலியில் காப்பி வறுத்து விற்கிற ஒருவருக்கு ஊர்ப் பெயரோடு போகும். வாங்காவிட்டால் எல்லாக் காப்பியோடும் கலந்து பெயரில்லாமல் போகும். வெளியிலிருந்து கேட்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம். எங்களுக்கு இரண்டரை வருடம்.

சாலையோரத்தில் சிமெண்டுத் தரை இருப்பது செவெரினோ வீட்டில் மட்டும்தான். லாரி வரும்வரை மூட்டைகளை அங்கே அடுக்கினோம். இந்த வருடம் அவர் காப்பியை வியாபாரி வாங்கவில்லை. மண்வாடை என்று சங்கமும் திருப்பி அனுப்பிவிட்டது. இருந்தும் லாரி வந்த அன்று அவரே முன்னால் நின்று ஏற்றிக் கொடுத்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நன்றி சொன்னேன்.

மறுநாள் நாங்கள் ஆறு பேரும் மசாகா போனோம். செவெரினோவும் வேறு வேலையாக வந்ததாகச் சொல்லிச் சங்கத்து வாசலில் நின்றார். நந்தாலே எல்லா மூட்டையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, வறுத்து, பொடித்து, ஐந்து கோப்பையில் போட்டு வெந்நீர் ஊற்றினாள். கரண்டியில் எடுத்து, அறை முழுக்கக் கேட்கும்படி ஒரு உறிஞ்சு உறிஞ்சித் துப்பினாள். “மாமியார் முன்னாடி இப்படி உறிஞ்சியிருந்தா அன்னைக்கே என்னைப் பொறந்த வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க” என்று கெத்ருதா என் காதில் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. நந்தாலேயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு கோப்பைக்கு அவள் முகம் நன்றாக இருந்தது. மூன்றாவதில் நின்றுவிட்டாள். மீதி இரண்டையும் சுவைத்துவிட்டு மூன்றாவதையே திரும்பவும் எடுத்தாள், திரும்பவும் துப்பினாள்.

“இதுல மண்ணு இருக்கு. மழையில நனைஞ்ச தரையாட்டம். மத்த நாலும் நல்லா இருக்கே, பலாச்சுளை வாசம் அடிக்குது. எதையாவது கலந்தீங்களா?” என்று கேட்டாள்.

யாரும் கலக்கவில்லை என்றோம். ஒரு கோப்பை கெட்டால் போதும், எல்லாம் தள்ளுபடிதான் என்றாள். எங்களில் ஒருத்தி அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். நான் கிடங்குக் குமாஸ்தாவிடம் போய் எத்தனை மூட்டை இறங்கியது என்று கேட்டேன். “பதிமூணு, சீட்டுல எழுதியிருக்கேனே” என்றார்.

நாங்கள் அனுப்பியது பதினொன்று.

பதினொன்றும் கற்றாழை நாரால் தைத்தவை. நான்தான் தைத்தேன். இரண்டு மூட்டை நீல நைலான் கயிற்றில் தைத்திருந்தது. பிரித்துப் பார்த்தோம். கருப்பும் பச்சையுமாக, ஊடே சாலைச் சரளை. செவெரினோ அந்தக் கயிற்றில்தான் ஆடு கட்டுவார். வாசலில் நின்றவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “எங்க வீட்டு மூட்டைதான். தப்பு என்னோடது, பார்த்து ஏத்தாம விட்டுட்டேன்” என்றேன். கெத்ருதா விடவில்லை. “உங்க வீட்டுல எப்போடி நைலான் கயிறு வந்துச்சு? ஆளப் பார்த்துச் சொல்லு!” என்றாள். நான் திரும்பவும் அதையே சொன்னேன். இரக்கத்தால் சொல்லவில்லை. பெயரைச் சொன்னால் ஊர்க்கூட்டம், குலக்கூட்டம், ஒன்பது பேருக்குச் சமையல். பரணில் கடைசிப் பறிப்பு காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கிளற ஆள் வேண்டும்.

அந்த இரண்டையும் வெளியே தள்ளிவிட்டு, மீண்டும் எடுத்துச் சுவைக்கும்படி நந்தாலேயைக் கேட்டுக்கொண்டேன். “ஒரு தடவைதான் பார்ப்போம், அதுதான் விதி” என்றாள். பிறகு சீட்டில் இருந்த பதிமூன்றையும் எங்கள் முகத்தையும் பார்த்துவிட்டு, “நாளைக்கு வாங்க” என்றாள். மறுநாள் ஐந்து கோப்பையும் சுத்தமாக இருந்தது. எண்பத்து நான்கே கால். அவள் ஒரு கோப்பை எனக்குக் கொடுத்தாள். நான் பிறந்தது காப்பித் தோட்டத்தில், கட்டிக்கொடுத்ததும் காப்பித் தோட்டத்தில். விருந்தாளி வந்தால் வறுத்த கொட்டையை மெல்லுவதற்குக் கொடுத்திருக்கிறேன். குடித்ததெல்லாம் தேயிலைதான். நாற்பத்து நாலு வயதில் அன்றைக்குத்தான் நான் விளைவித்ததைக் குடித்தேன். கசப்பாகத்தான் இருந்தது. ஆனால் விழுங்கிய பிறகு நெடுநேரம் வாயில் நல்ல ருசியாக இருந்தது. இன்னொரு கோப்பை கேட்டேன்.

இனி மற்றது.

போன ஞாயிறு பூசைக்குப் பிறகு செவெரினோ வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. “அண்ணி, அந்த ரெண்டு மூட்டை…” என்று ஆரம்பித்தார். அது முடிந்துபோன விஷயம் என்றேன். அவர் போகவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். “நீங்க என் பேரச் சொல்லியிருக்கலாம், சொல்லல. இனிமே என்னால உங்க முகத்தப் பார்த்துப் பொய் சொல்ல முடியாது. நான் உங்கள ஏமாத்துனது மூட்டையில மட்டும் இல்ல” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார்.

போன வருடம் ஆகஸ்டிலேயே நீங்கள் ஊர் திரும்பிவிட்டதையும், கம்பாலாவுக்குப் பக்கத்தில் கியெங்கேராவில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பதையும், ஷார்ஜாவில் வீட்டு வேலை செய்த பெண் உங்களோடு இருப்பதையும் சொன்னார். பிள்ளை பிறந்ததையும் சொன்னார். நீங்கள் போனில் “இங்க ரொம்ப வெயில்” என்று சொன்ன நாட்களையெல்லாம் நான் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணி என்ன ஆகப்போகிறது.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மழை இருட்டிக்கொண்டு வந்தது. நான் எழுந்து போய்ப் பரண்மேல் தார்ப்பாயை இழுத்தேன். அவரும் ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தார். இரண்டு பேரும் நனைந்துவிட்டோம், காப்பி நனையவில்லை. உள்ளே வந்த பிறகு, பிள்ளை ஆணா பெண்ணா என்று கேட்டேன். ஆண் என்றார். ஐந்து மாதமாகிறது, இன்னும் குலப்பெயர் வைக்கவில்லை என்றார்.

ஆகவே இந்தக் கடிதத்தை விமானத்தில் போகிறவர் கையில் கொடுக்கவில்லை. மசாகா பேருந்து ஓட்டுநரிடம் கொடுக்கிறேன். உங்கள் கடைக்கு எதிரில்தான் பேருந்து நிற்குமாம்.

கடையைப் பெரிதாக்குவதற்குக் கீழ்த் தோட்டத்தை விற்க ஆள் பார்க்கச் சொன்னீர்களாம். செவெரினோ அதற்கு இப்போது சம்மதிக்கவில்லை. கபூயேயிடமும் போய்ச் சொல்லிவிட்டார். வருகிற பிப்ரவரியில் கீழ்த் தோட்டத்தையும் அறுத்துக் கொடுக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டிருக்கிறார். சரி என்றேன். நீங்கள் வேறு முடிவு செய்தால் அதை அவரிடம் பேசிக்கொள்ளுங்கள். மேல் தோட்டத்தைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம்.

பெலிசித்தாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஆகஸ்ட் இருபத்து நான்காம் தேதி விடுமுறைக்கு வருகிறாள். அவளுக்குப் பதினாறு முடிந்துவிட்டது, சொன்னால் புரிந்துகொள்வாள். புரியாவிட்டாலும் உட்கார்ந்து கேட்பாள்.

அந்தச் சனிக்கிழமையே பிள்ளையைக் கொண்டு வாருங்கள். கபூயேயிடம் பேசிவிட்டேன், அவர் வந்து பெயர் வைப்பார். குலப்பிள்ளை பெயரில்லாமல் வளரக்கூடாது. பிள்ளையின் அம்மாவும் வரட்டும். இங்கே அவளை யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள், நான் இருக்கிறேன். கைக்குழந்தைக்காரி என்பதால் அவளுக்கு வாழை இலையில் கட்டி வேகவைத்த கோழி செய்வேன். வழியில் தூசி அதிகம், பிள்ளையின் முகத்தைத் துணியால் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள்.

நீங்கள் தங்குவதானால் செவெரினோ வீட்டில் பாய் போடச் சொல்லியிருக்கிறேன்.

பிள்ளைக்கு நீண்ட ஆயுள் கிடைக்கட்டும். அதற்கு ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

மத்தில்டா நம்புசி